கொல்லன் பட்டறையில் தொங்கிய இலை

கண்டி அரசனிடம் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, தப்பிப் போய் 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இலங்கைக் காடுகளில் வாழ்ந்த வேடர்கள் அம்பு முனை வாங்கிய விதம் அதில் இருக்கிறது. இரவில் ஊருக்குள் வருவார்கள். கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போவார்கள். தங்களுக்கு அம்பு முனை எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய இலை அது. கொல்லன் அதன்படி அடித்து வைத்தால் மறுபடியும் இறைச்சி வரும். அடித்து வைக்காவிட்டால், ஏதாவது ஓர் இரவில் இருட்டுக்குள்ளிருந்து அம்பு வரும்.

வாய் திறக்காமல் நடந்த வியாபாரம். விலை பேசவில்லை, எடை பேசவில்லை, என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்கவில்லை. வடிவத்தை மட்டும் கொல்லன் இஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. தன் வில் எவ்வளவு இழுக்கும், எந்த மிருகத்தை அடிக்கப் போகிறோம், எத்தனை அடி நெருங்கிப் போக முடியும் என்று அந்த வேடனுக்குத் தெரிந்த அத்தனையும் அந்த இலையின் ஓரத்தில் இருந்தது. அந்த இலையை எப்படி வெட்டுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மானை அம்பால் அடிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்குத் துப்பாக்கி, வில், கண்ணி எல்லாம் ஒன்றுதான். நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு முன்பே வழங்கப்பட்டிருந்த வேட்டை உரிமையை அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு தொடாமல் விட்டிருக்கிறது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்குகளை வில்லால் அடிப்பதையே தடை செய்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படியில்லை. உரிமம் வாங்கிக்கொண்டு இலையுதிர் காலத்தில் வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே குடியேறிய நம்மவர் ஒருவர் வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க அம்பு முனைகள் தொங்கும். இரண்டு அலகு, மூன்று அலகு, நான்கு அலகு, பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் விரிவது என்று. எதை எடுப்பது என்று அவர் திகைத்து நிற்பார். மானைத் தொடப் போகாத நமக்கும் இது நல்ல இயற்பியல் கணக்குதான்.

கணக்கை ஒரு மணல் மூட்டையிலிருந்து தொடங்கலாம். .22 ரகத் துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடை, வினாடிக்கு 330 மீட்டர் வேகம். இன்றைய கப்பி வைத்த வில்லிலிருந்து புறப்படும் அம்பு 26 கிராம் எடை, வினாடிக்கு 85 மீட்டர் வேகம். ஆற்றலைக் கணக்கிட்டால் குண்டுக்கு 140 ஜூல், அம்புக்கு 94 ஜூல். குண்டுதான் பலசாலி. ஆனால் இரண்டையும் மணல் மூட்டைக்குள் செலுத்தினால், குண்டு சில அங்குலத்துக்குள் நின்றுவிடும். அம்பு அதைவிட ஆழமாகப் போகும். காரணம், எடையை முகப்பின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். குண்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்குப் பின்னாலும் 0.1 கிராம் எடைதான் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் தண்டுள்ள அம்புக்குப் பின்னால் 0.9 கிராம் இருக்கிறது. ஒன்பது மடங்கு. உந்தத்தைப் பார்த்தாலும் அம்பு குண்டைவிட இரண்டரை மடங்கு அதிகம். அம்பு மெதுவாக வருகிறது, ஆனால் அதை நிறுத்துவது கஷ்டம்.

ஆழமாகப் போனால் மட்டும் போதுமா? வேட்டைத் துப்பாக்கியின் குண்டு உடலுக்குள் போகும்போது சுற்றியுள்ள தசையைப் பெரும் விசையோடு அறைந்து கிழிக்கிறது. அம்பிடம் அந்த விசை இல்லை. அது மானை அடித்து வீழ்த்துவதில்லை. இரத்தக் குழாயையும் நுரையீரலையும் அறுத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். 80 கிலோ எடையுள்ள ஆண் புள்ளிமானின் உடலில் ஐந்தரை லிட்டர் அளவுக்கு இரத்தம் ஓடும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரைவாக வெளியேறினால் மூளைக்கு இரத்தம் எட்டாமல் மான் சாய்ந்துவிடும். இரண்டு நுரையீரலையும் அறுத்த அம்பு இதைச் சில வினாடிகளில் முடித்துவிடும். அதே அம்பு ஒரு சாண் பின்னால் தள்ளி இரைப்பையில் பட்டால் மணிக்கணக்கில் ஆகும். அந்த மணிக்கணக்கை மான் எப்படிக் கழிக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

அப்படியானால் அம்பு முனை என்பது தூரத்திலிருந்து வீசப்படும் கத்தி. கத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் அமெரிக்கா போகவில்லை. பெங்களூரின் நீலசந்திராவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனாலே போதும். ஹோசூர் சாலைக்கும் விவேக்நகருக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பகுதியில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். எனக்கு வழக்கமாகக் கறி வெட்டித் தரும் பாயிடம், கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஆட்டு நுரையீரல் ஒன்றையும் பழைய மொண்ணைக் கத்தி ஒன்றையும் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார்.

"புத்தகத்துக்கு, பாய்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மொண்ணைக் கத்தியை நுரையீரலின் மேல் வைத்து நேராக அழுத்தினால், பஞ்சு பஞ்சான அந்தச் சதை உள்ளே போகிறது. விரலளவு பள்ளம் விழுகிறது. கத்தியை எடுத்ததும் மெல்ல எழும்பிப் பழையபடி ஆகிவிடுகிறது, வெட்டே விழவில்லை. இன்னும் அழுத்தினால் வெட்டுவதற்குப் பதிலாகப் பிய்கிறது. உள்ளே ஓடும் வெள்ளை மூச்சுக் குழல்கள் கத்திக்குத் தப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவுகின்றன. "மொண்ணையில கறி ஓடும் சார், வெட்டாது" என்று பாய் தன் கத்தியை எடுத்து, அழுத்தாமல், மேலே ஓர் இழு இழுத்தார். நுரையீரல் இரண்டாகக் கிடந்தது. குழல்களின் வாய் வட்டமாக, ஒட்டாமல் திறந்திருந்தது.

இங்கே இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. ஒன்று கூர்மை. கூர்மையான ஓரம் விசையை மிகச் சிறிய பரப்பில் குவிப்பதால், சதை விலகி ஓடுவதற்குள் அறுபட்டுவிடுகிறது. ஓடும் உயிருக்குள் இதன் விளைவு இன்னும் பெரியது. பிய்ந்த இரத்தக் குழாய் சுருங்கும். அதன் உள் அடுக்குகள் சுருண்டு வாயை அடைக்கும். நசுங்கிய திசு உறைவைத் தூண்டும் பொருட்களை அள்ளிக் கொட்டும். விபத்தில் கை பிய்ந்து வருகிறவர்களுக்குச் சில நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இரத்தம் போவதை அறுவை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுத்தமாக அறுபட்ட குழாய் அப்படி எளிதில் அடைபடாது. மொண்ணை முனை மானைத் தப்பவிடும், ஆனால் பிழைக்கவிடாது. எத்தனை அலகு, என்ன கம்பெனி என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, அந்த 'இழு'. அழுத்துவதைவிட இழுப்பது சுலபமாக வெட்டும் என்பது அரிவாள்மனையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளர் டோனி அட்கின்ஸ் இதைப் பாலாடைக் கட்டியையும் பதப்படுத்திய இறைச்சியையும் வைத்து அளந்து, 2004இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். கத்தி எவ்வளவு வேகமாகக் கீழே போகிறதோ அதைப்போல் எத்தனை மடங்கு வேகமாகப் பக்கவாட்டில் ஓடுகிறது என்பதுதான் அவருடைய எண். அந்த எண் ஏற ஏற, கீழே அழுத்தத் தேவைப்படும் விசை மளமளவென்று இறங்குகிறது.

அம்பை யாரும் பக்கவாட்டில் இழுப்பதில்லையே என்று கேட்கலாம். ஓரம் சாய்வாக இருந்தால் அம்பு நேராகப் போனாலே இழுத்த மாதிரிதான். 28 மில்லிமீட்டர் அகலமும் 28 மில்லிமீட்டர் நீளமும் உள்ள முக்கோண முனையில் அட்கின்ஸின் எண் 2. அதே அகலத்தை 84 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் எண் 6. நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது ஹோவர்ட் ஹில் என்ற அமெரிக்க வில்லாளியின் பிடிவாதம். 1938இல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தில் பாய்ந்த அம்புகளை எய்தவர் அவர்தான். சமன்பாடு எழுதித்தான் அந்த முடிவுக்கு வந்தார் என்று நான் நம்பவில்லை. வேடர்களின் இரும்பு அலகும் நீண்டு ஒடுங்கிய இலையைப் போலத்தான் இருக்கும். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியின் ஆய்வு நூலில் படங்கள் இருக்கின்றன. சடங்கு நடனத்துக்கென்றே வைத்திருந்த அம்புகளில் அலகு இன்னும் நீளம்.

ஆனால் நீளத்துக்கும் விலை உண்டு. ஒரு பரப்பை அறுக்கத் தேவைப்படும் வேலை, சாய்வு எப்படியிருந்தாலும், அடிப்படையில் ஒன்றுதான். சாய்வு மிச்சப்படுத்துவது, சதையை வீணாக நசுக்கித் தள்ளுவதில் போகும் ஆற்றலை. நீண்ட அலகின் இரு பக்கமும் சதை உரசும். எலும்பில் பட்டால் மெல்லிய நுனி மடங்கும். பாயின் கத்தி விலா எலும்பில் பட்டபோது அதன் ஓரம் சிலும்பியதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வாரம் ஒருமுறை சாணை பிடிக்கிறவரின் சக்கரத்தில் வைத்தால்தான் சரியாகுமாம். சவரக் கத்தியின் ஓரத்தைப் போல் மெலிதாகத் தீட்டிய அம்பு முனை முதல் எலும்போடு போயிற்று. அதனால்தான் அம்பு முனைகளின் ஓரக் கோணம் 25 முதல் 40 டிகிரிவரை தடிமனாக விடப்படுகிறது.

இப்போது கடைச் சுவருக்கு வரலாம். வில் அம்புக்குக் கொடுக்கும் ஆற்றல் மாதச் சம்பளம் மாதிரி: எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், கூட ஒரு காசு வராது. எதில் செலவழிப்பது என்பது மட்டும் நம் கையில். அகலத்தில் செலவழித்தால் ஆழத்தில் துண்டு விழும்.

28 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு அலகு முனை, போகும் வழியெல்லாம் 28 மில்லிமீட்டர் நீள வெட்டு போடுகிறது. அதே வட்டத்துக்குள் மூன்று அலகு வைத்தால் வெட்டு 42 மில்லிமீட்டர். நான்கு என்றால் 56. பட்டதும் விரியும் முனைகளில் பல 50 மில்லிமீட்டருக்கு விரிகின்றன. விரியவைப்பதற்கே கொஞ்சம் ஆற்றல் போகும், விரிந்த அலகின் சாய்வும் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் மூன்று அலகு, இரண்டு அலகைப்போல் ஒன்றரை மடங்கு அறுக்கிறது, அந்த அளவுக்கு ஆற்றலையும் கேட்கிறது.

மானின் நெஞ்சுக்கூட்டின் குறுக்களவு ஏறத்தாழ ஓரடி. 94 ஜூல் அம்புக்கு அது பெரிய சுவரல்ல. மூன்று அலகோடும் மறுபக்கம் வந்துவிடும். கப்பி இல்லாத பழைய பாணி வில்லில், 32 கிராம் அம்பு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால், ஆற்றல் 40 ஜூல்தான். அதில் பாதிக்கும் கீழே. அந்த வில்லில் 50 மில்லிமீட்டர் விரியும் முனையைப் பொருத்துகிறவர், நெஞ்சின் நடுவில் அம்பை நிறுத்திவிட்டு மானை ஓடவிடுகிறார். இந்தக் கணக்கைப் பெட்டியின் மேல் அச்சடிக்க எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது. எவ்வளவு அகலம் என்பதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

மறுபக்கம் வருவது ஏன் அவ்வளவு முக்கியம்? மரத்தின் மேல் மேடை கட்டி உட்கார்ந்து எய்தால் அம்பு மேலே நுழைந்து கீழே வெளிவரும். நுழைந்த ஓட்டை உயரத்தில் இருப்பதால் இரத்தம் உள்ளேயே தேங்கும். கீழ் ஓட்டைதான் தரையில் தடம் போடும். தடம் இல்லையென்றால், நூறு மீட்டர் ஓடிப் புதரில் விழுந்த மானைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

இதைப் புறநானூற்றுக் காலப் புலவர்களும் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைச் சாய்த்து, வாய் பிளந்த புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடிப் பதினெட்டை ஒட்டி இன்றும் கொல்லிமலையில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. இயற்பியல் பார்த்தால் இது நடக்காது. யானையின் தோலே சில இடங்களில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனம். உள்ளே கடக்கவேண்டியது ஒரு மீட்டருக்கு மேல். முதல் மிருகத்திலேயே சம்பளம் தீர்ந்துவிடும். பன்றியும் உடும்பும் முதலில் நின்று யானை கடைசியில் நின்றிருந்தால்கூட ஓரளவு வாதாடிப் பார்க்கலாம். ஆனால் புலவர் எதைப் புகழ்கிறார் என்று பாருங்கள். அம்பு பட்டது என்று அவர் நிறுத்தவில்லை. அது ஊடுருவி வெளியே வந்ததைத்தான் ஒவ்வொரு மிருகமாக எண்ணுகிறார். நல்ல வில்லாளிக்கு அடையாளம் அம்பு மறுபுறம் வருவது என்பதை வேட்டைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவரின் மிகை அது.

மறுபுறம் வரவேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அந்தமானின் ஓங்கி மக்களும் பெரிய அந்தமானியரும் பன்றிக்கு வைத்திருந்த அம்பில், இரும்பு முனை தண்டிலிருந்து கழன்றுகொள்ளும். ஆனால் கயிற்றால் அதோடு கட்டப்பட்டிருக்கும். பன்றி ஓடும்போது தொங்கும் தண்டு செடிகொடிகளில் சிக்கி அதை நிறுத்தும். அடர்ந்த காட்டில் தடம் பார்த்துத் தேடுவதைவிட ஓடவே விடாமல் செய்வது புத்திசாலித்தனம். அருணாசலப் பிரதேசத்து மலைகளில் நாபி என்று நம் சித்த மருத்துவர்கள் சொல்லும் செடியின் விஷத்தை அம்பில் தடவினார்கள். கொல்வது விஷம் என்றால் அகலமான அலகு எதற்கு? உள்ளே போய்த் தங்கினால் போதும். இப்படிக் கொளுக்கி வைத்து உள்ளேயே தங்கும் முனைகளை அமெரிக்க மாநிலங்கள் பல இன்று மான் வேட்டையில் தடை செய்திருக்கின்றன. தப்பிய மானின் உடலில் அது புரையோடும் என்பதுதான் காரணம். குறைந்தபட்ச அகலமாக 22 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், என்று விதித்திருக்கும் மாநிலங்களும் பல.

இன்னும் பின்னால் போனால் அகலம் என்ற பேச்சே இல்லை. இலங்கையின் ஃபாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளை மிஷெல் லாங்லியும் அவருடைய குழுவும் ஆராய்ந்து, 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வில் அம்பு இருந்தது என்று 2020இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்திருந்தவற்றில் அது மிகப் பழைய சான்று. அந்தக் குகைவாசிகள் பெரும்பாலும் அடித்தது குரங்கையும் அணிலையும். குரங்கின் எலும்பைத் தீட்டிக் குரங்கையே அடித்திருக்கிறார்கள். மழைக்காட்டின் உச்சியில் தாவும் சின்ன உயிருக்கு ஊசி போதும். அகல அலகு பெரிய மிருகத்தின் தேவை. கல்லில் அகல அலகு செய்தால் எலும்பில் பட்டு நொறுங்கும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும் குறுங்கற்கருவிகளைத் தண்டின் ஓரத்தில் பிசினால் வரிசையாக ஒட்டிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாகவும் அகலமாகவும் நீளமாகவும் ஒரே துண்டாகவும் அலகு செய்ய இரும்பு வரவேண்டியிருந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு புதைந்திருந்த இரும்புப் பொருட்களில் அம்பு முனைகளும் உண்டு. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டினார்.

பறப்பதைப் பற்றிக் கொஞ்சம். அகல அலகு காற்றிலும் அலகுதான். அம்பின் மூக்கில் ஒரு ஜோடிச் சிறகைக் கட்டிவிட்ட மாதிரி அது வேலை செய்யும். அம்பு நேராகப் போகும்வரை தொந்தரவில்லை. நாணை விட்ட விரல் சற்றுப் பிசகி அம்பு இம்மியளவு கோணலாகப் புறப்பட்டால், அந்தச் சிறகு அதை இன்னும் கோணலாக்கும். பின்னால் இருக்கும் இறகு திருத்தப் பார்க்கும். யார் ஜெயிப்பது என்பதை எடைச் சமநிலை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது தீர்மானிக்கும். காற்று விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், வினாடிக்கு 50 மீட்டரில் தெரியாத கோணல் 85 மீட்டரில் மூன்று மடங்காகத் தெரியும். மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் கப்பி வைத்த வில்லுக்கு 1969இல் காப்புரிமை பெற்ற பிறகு வேகங்கள் ஏறின. வேகம் ஏறியதும் பறக்கும்போது அலகை மடக்கி வைக்கும் முனைக்குச் சந்தை வந்தது. காட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. வில் கேட்டது.

ஆழத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்களில் முக்கியமானவர் எட் ஆஷ்பி. தென்னாப்பிரிக்காவின் நடாலில் 1980களில் பல வகை முனைகளை எய்து, ஒவ்வோர் அம்பும் விலங்கின் உடலில் எவ்வளவு போனது, எலும்பில் என்ன ஆனது என்று குறித்துக்கொண்டே வந்தார். எடை கூடிய அம்பு, நீண்டு ஒடுங்கிய இரண்டு அலகு, ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டிய ஓரம் என்பது அவர் முடிவு. ஒரு பக்கச் சரிவு, எலும்புக்குள் நுழையும்போது அலகைத் திருகிப் பிளக்கவைக்கும் என்கிறார். ஆய்வகச் சோதனைபோல் எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்துச் செய்தது அல்ல அது. எருமைக்கும் பெரிய மான்களுக்கும் பொருந்துவதைச் சின்ன மானுக்கும் அப்படியே இழுக்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் அவர் நீட்டும் வடிவம் நாக்ஸ் காலத்து வேடனின் அலகிலிருந்து அதிகம் விலகியதல்ல.

அப்படியானால் வலு குறைந்த வில் உள்ளவருக்கு ஒடுங்கிய அலகு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது, அம்பைவிடப் பல மடங்கு வேகமாக. நாணின் சத்தம் மானின் காதை முதலில் எட்டும். மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கும்போது உடல் கீழே இறங்கும். அது உணர 0.1 வினாடி என்றும், அதன்பின் தடையின்றி விழுகிறது என்றும் வைத்துக்கொண்டு, அதிகபட்சம் எவ்வளவு இறங்கமுடியும் என்று பார்ப்போம். 25 மீட்டர் தூரத்தில், 85 மீட்டர் வேக அம்பு வருவதற்குள் 7 சென்டிமீட்டர். நுரையீரலுக்குக் குறிவைத்தது நுரையீரலில்தான் படும். அதே 25 மீட்டரில் 50 மீட்டர் வேக அம்பு என்றால் அரை மீட்டருக்கு மேல். அம்பு மானின் முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது, அதைவிட மோசமாக, முதுகெலும்புக்கு மேலுள்ள சதையில் குத்தி நிற்கும். 10 மீட்டருக்கு நெருங்கிவிட்டால் அதே மெதுவான அம்புக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான். பழைய வேட்டைக்காரர்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, காலின் கீழ் சருகு நொறுங்காமல் அத்தனை நெருக்கத்தில் போனது வீரத்துக்காக இல்லை. தூரத்துக்குக் கட்டுப்படியாகாத வில் அது.

எய்தபின் உள்ள வேலையைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அம்பு மறுபுறம் வந்திருந்தால் அதை எடுத்துப் பார்க்கவேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையாகப் புல் நாற்றம் அடித்தால் இரைப்பை. உடனே துரத்தினால் மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும் என்பதால் மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். தடம் பிடிக்க நாயை வைத்துக்கொள்வது உலகமெங்கும் உள்ள பழக்கம். அப்படியொரு நாயின் கதையைப் பார்க்க, நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில், சிக்னல்கள் இரக்கம் காட்டினால், கால் மணி நேரத்தில் கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். அங்கே மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த கல் ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட தக்கோலப் போரை 949ஆம் ஆண்டை ஒட்டிப் பதிவு செய்த கல்வெட்டு அது. கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் கேட்டது ஊரை அல்ல. காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி இரண்டும் செத்தன. நாய்க்காகக் கல் நட்டுக் கோயிலுக்கு எதிரே வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு நல்ல வேட்டை நாயின் மதிப்பு என்ன என்பதற்கு இதற்குமேல் கணக்கு வேண்டாம்.

சுவருக்கு முன்னால் திகைத்து நிற்கும் அந்த நம்மவருக்கு என் விடை இது. பழைய பாணி வில், இழுவை 50 பவுண்டு என்றால் இரண்டு அலகு, நிலையானது, நீளம் அகலத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. அம்பின் மொத்த எடை 30 கிராமுக்குக் குறையக் கூடாது. கப்பி வில்லில் 60, 70 பவுண்டு என்றால் மூன்று அலகும் சரிதான், 28 மில்லிமீட்டர் போதும். விரியும் முனையை 70 பவுண்டுக்காரர், பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு மட்டும், எடுத்துக்கொள்ளலாம். சாய்ந்து நிற்கும் மானுக்கு அது வேண்டாம், தோள் எலும்பு குறுக்கே வரும். எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போடாமல் ஓரத்தைத் தீட்டிப் பார்க்கவேண்டும். இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டின் மேல் வைத்து லேசாக இழுத்தால் அறுபடவேண்டும், அமுக்கினால்தான் அறுபடும் என்றால் சாணைக்குப் போகவேண்டும். பிறகு 25 மீட்டரில் வைக்கோல் இலக்கு. பயிற்சி முனையோடு மூன்று அம்பு, வேட்டை முனையோடு மூன்று அம்பு. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழவில்லை என்றால் முனையை மாற்றிப் பயனில்லை. அம்பு வில்லிலிருந்து கோணலாகப் புறப்படுகிறது. அம்பு தங்கும் தாங்கியை அரை மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு மறுபடியும் ஆறு அம்பு எய்து பார்க்கவேண்டும்.